கட்டில் ஊர்வலம்

அந்த ஆஸ்பத்திரியின் முதல் கட்டடத்தில் எந்த வாசலிலும் கட்டில் இடிக்காது. அதற்காக ஒரு மனிதர் நாற்பத்தோரு முறை நோயாளியாகப் படுத்துக் கிடந்தார். நாற்பத்திரண்டாவது முறை அவர் படுத்தபோது நிஜமாகவே தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆனால் அது இரண்டாவது கட்டடம்.

அவரை எல்லாரும் தந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் சுகமாக இருந்தது. ஆறடி இரண்டு அங்குல உயரம், அதற்கேற்ற நீளத்தில் முகம். அந்த முகம் வாசலில் தெரிந்தாலே, சாவுத் தந்தி வந்த மாதிரி, யாரோ போய்விட்டார்கள் என்று தோன்றும். ஒரு கல்யாண வீட்டுக்குள் அவர் நுழைந்ததும், விவரம் கேட்காமலேயே மூன்று பேர் அழ ஆரம்பித்துவிட்டார்களாம். அவர் சாப்பிட்டுக் கைகழுவி வருகிற வரைக்கும் அழுகை நிற்கவில்லையாம்.

கட்டட வேலைகளை நடத்தும் அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். காலையில் கொத்தனார், குழாய்க்காரர், மின்சாரக்காரர், தச்சர், லிஃப்ட் ஃபிட்டர் என்று ஒவ்வொருவரிடமும் போய், எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேட்க வேண்டும். பத்து மணிக்குள் மேலாளரிடம் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குடியிருந்தது ஒரு தகரப் பட்டறைக்கு மேலே, ஒற்றை அறையில். கீழே காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் சுத்தியல் சத்தம் பொழுது சாய்ந்துதான் ஓயும். தண்ணீர்க் குழாய் கீழே, இருபத்தாறு படி. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் ஆக வேண்டும். அவரும் மனைவியும் கொஞ்சிக்கொண்டால்கூடத் தெருவில் போகிறவர்கள் சண்டையை விலக்கிவிட ஓடி வருவார்கள். அலுவலகத்துக்குச் சொந்தமாக ஊழியர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்கான பட்டியலில் தந்தியின் பெயர் பன்னிரண்டு வருஷமாக மூன்றாவது இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதல் இடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்று, செத்தும் போயிருந்தார்; அவருக்குப் பின்னாலும் தந்தி மூன்றாவதுதான்.

முதல் கட்டடம் எழும்பியபோது மேலாளராக இருந்தவருக்குக் கரடி என்று பெயர். நல்ல மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அவர் கத்தினால் மூன்றாம் மாடியில் காயாத சிமென்ட் காய்ந்துவிடும். ஒரு வயதான பெயின்டரை எல்லார் எதிரிலும் அழவைத்திருக்கிறார். ஆனால் அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. தினமும் ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீ கொண்டுவருவார். பத்து மணிக்குள் யார் மிக மோசமான செய்தியைக் கொண்டுவருகிறாரோ அவருக்குத்தான் முதல் டம்ளர்.

"என்னடா தந்தி, இன்னிக்கு எவன் செத்தான்?"

"ரெண்டாம் மாடி குழாய், சார். மூணு இடத்துல ஒழுகுது."

"பேஷ்! உக்காரு. குடி."

தந்தி குடித்துக்கொண்டிருக்கும்போதே கரடி மாடிப்படியில் பாதி தூரம் போயிருப்பார். அங்கிருந்து சத்தம் கேட்கும். "ஏய், நீ குழாய் மாட்டினியா, சல்லடை மாட்டினியா?"

குழாய்க்காரர் திட்டு வாங்குவார், கழற்றி மாட்டுவார். மறுநாள் அவரே தந்தியைப் பார்த்து ஓடி வருவார். "அண்ணே, நாலாவதா ஒரு ஒழுகல் கண்டுபிடிச்சிருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே, இன்னிக்கு டீ எனக்கு." ஒரு டம்ளர் டீக்காகத் தன் குற்றத்தைத் தானே தேடி அலைகிற கூட்டம் அங்கே ஒன்று உருவாயிற்று. சிலபேர் ஒழுகாத குழாயைக்கூட முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கட்டில் ஊர்வலமும் கரடி ஏற்படுத்தியதுதான். சுவர் எழுப்புவதற்கு முன்னால், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் இருந்து சக்கரம் வைத்த நிஜக் கட்டில் ஒன்றை வரவழைத்தார்.

"தந்தி, படு. இங்க நீதான் நீளம்."

தந்தி படுத்தார். நாலு பேர் தள்ளினார்கள். மேஸ்திரி முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டே போனார். தச்சர் பின்னாலேயே ஒப்பாரி வைத்தார். முதல் வளைவில் தந்தி கையைத் தூக்கினார்.

"சார், கால் கட்டைவிரல் கோட்டைத் தாண்டிடுச்சு."

"சுவரை ஒரு அடி அந்தப் பக்கம் தள்ளுங்கடா!"

"வரைபடத்துல இப்படித்தான் சார் இருக்கு," என்றார் மேஸ்திரி.

"வரைஞ்சவனைக் கூட்டிட்டு வா. அவனைப் படுக்க வச்சு உருட்டறேன்."

வரைந்தவர் வரவில்லை, கோடு நகர்ந்தது. இப்படி ஒவ்வொரு மாடிக்கும், ஒவ்வொரு வாசலுக்கும், லிஃப்ட்டுக்கும் சேர்த்து நாற்பத்தோரு ஊர்வலம். பதினாலு மாதத்தில் கட்டடம் முடிந்தது. சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். இடித்துக் கட்டியது எல்லாம் கோட்டோடு போயிற்று, கல்லில் எதுவும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் தந்தி தைரியமாகக் கேட்டார். "சார், அந்தக் குடியிருப்புல ஒரு வீடு..."

"வீடா? நீதான் இருபத்திநாலு மணி நேரமும் இங்க கிடக்குறியே, உனக்கு எதுக்குடா வீடு?" என்று சொல்லிவிட்டுக் கரடி சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கு மாலை தந்தியின் மனைவி குடத்தோடு இருபத்தாறு படி ஏறி வந்து, விஷயத்தைக் கேட்டு, குடத்தைக் கீழே வைக்காமலேயே கொஞ்ச நேரம் நின்றாளாம்.

திறப்பு விழாவில் பெரிய மனிதர் ஒருவர் பெயின்ட் காயாத தூணில் சாய்ந்தார். "எழுதி ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று கரடி கத்தினார். அடுத்த வாரமே அவரை ஜன்னல் இல்லாத ஒரு கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது கட்டடத்துக்கு வந்த மேலாளரை வெல்வெட் சார் என்றார்கள். அப்படி ஒரு குரல். அவர் யாரையும் ஏக வசனத்தில் பேசியதில்லை. எவருடைய பிள்ளை எந்த வகுப்பு, எவருடைய மாமியாருக்கு எந்த முழங்காலில் வலி என்பதெல்லாம் விரல் நுனியில். வந்த முதல் நாளே கரடி காலத்துப் பெயின்டரைக் கட்டிப்பிடித்தார். பெயின்டர் மறுபடியும் அழுதார், இந்த முறை ஆனந்தத்தில்.

வெல்வெட் சார் சுவரில் பெரிய பலகை ஒன்று மாட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொக்கி. ஒழுங்காகப் போகிற வேலைக்குப் பச்சை வில்லை, தடங்கல் என்றால் சிவப்பு வில்லை. தினமும் காலையில் எல்லாரும் பலகை முன்னால் நின்றுகொண்டே கூட்டம். விவரம் விசாரித்து வந்து வில்லை மாட்டுவது தந்தியின் வேலை.

இரண்டாம் நாள் தந்தி, பழைய பழக்கத்தில், குளியலறைத் தரைக்குச் சிவப்பு மாட்டினார். தரையின் சரிவு வாட்டம் தப்பாக இருந்தது, தண்ணீர் வெளியே வந்தது.

"ரொம்ப நல்லது," என்றார் வெல்வெட் சார். "உண்மையைச் சொல்றதுக்குத் தைரியம் வேணும். கொஞ்சம் முன்னால வாங்க. நீங்களும் வாங்க, டைல்ஸ்காரரே. எல்லாரும் இவங்க தைரியத்துக்கு மூணு தடவை கை தட்டலாமா?"

முப்பது பேர் கை தட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றுக்கும் நடுவில் விட்ட இடைவெளியில் ஒரு கட்டடமே கட்டி முடித்திருக்கலாம். டைல்ஸ்காரர் காது மடல் வரைக்கும் சிவந்து நின்றார். பிறகு அவர் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினேழு கேள்விகள். பதினோராவது கேள்வி: இதை நீங்கள் முன்கூட்டியே தடுத்திருக்க முடியுமா? பதில் குறிக்க ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, 'ஆம்' என்று. மூன்று முறை கைதட்டல் வாங்கியவர்கள் நாலாவது முறை வாங்கவில்லை. நிழலே இல்லாத ஏதோ ஒரு சாலைப் பணிக்கு அன்போடு அனுப்பி வைக்கப்பட்டார்கள். போகும்போது பூச்செண்டு உண்டு.

டைல்ஸ்காரர் அன்று மாலை தந்தியை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, அந்தக் கரடி என்னைப் பன்னின்னு திட்டினப்பகூட ராத்திரி சோறு இறங்குச்சு. இது இறங்கல. இனிமே என்கிட்ட கேக்காதீங்க. கேட்டா எல்லாம் பச்சைதான்."

ஒரு மாதத்தில் பலகை முழுக்க நாற்று நட்ட மாதிரி பச்சைப் பசேல். சிவப்பு வில்லை இருந்த டப்பாவில் சிலந்தி ஒன்று குடித்தனம் வைத்து, குஞ்சு பொரித்து, பேரன் பேத்தி எடுத்தது. பலகையைப் பார்க்கத் தலைமை அலுவலகத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் வெல்வெட் சார் தந்தியின் தோளில் கை போட்டார்.

"உங்க வீட்டுல தண்ணிக்காக மாடி ஏறி இறங்கறாங்களாமே. எனக்கு மனசே கேக்கல. குடியிருப்புல ஒரு வீடு காலியாகுது. கட்டடம் குறிச்ச தேதியில திறந்துட்டா, அதை யாருக்குக் கொடுக்கறதுன்னு சொல்ற உரிமை எனக்குக் கொடுத்திருக்காங்க. நான் யார் பேரை நினைச்சிருக்கேன்னு நான் சொல்லணுமா?"

தந்திக்கு அன்று நடை தரையில் படவில்லை. விஷயம் தெரிந்ததும் மனைவி தங்கையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை வெளியில் இருந்தே பார்த்துவிட்டு வந்தாள். "மூணு குழாய்ங்க!" என்று சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "வீட்டுக்குள்ளேயே மூணு! நான் ஜன்னல் வழியா எண்ணிட்டேன்!"

தேதிக்கு நான்கு மாதம் இருந்தபோது லிஃப்ட் ஃபிட்டர் தந்தியை லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணே, கட்டில் நுழையாது."

"விளையாடாத."

"நாலு விரல்கடை பத்தாது. மேஸ்திரிக்கு மெல்லிசுக் கல் வந்து சேரல. வரலன்னு சொன்னா அவருக்குச் சிவப்பு. கிடங்குல இருந்த தடிக்கல்லை வச்சு உள்பக்கமா சுவரை ஏத்திட்டாரு, பச்சை. நான் கொண்டுவந்த கூண்டு குழிக்குள்ள இறங்கல. இறங்கலன்னா எனக்குச் சிவப்பு. அதை அனுப்பிட்டுச் சின்னக் கூண்டா வாங்கிட்டேன். நானும் பச்சை."

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"மூணு வாரம்."

"அடப்பாவி, ஏன் சொல்லல?"

"இப்பச் சொல்றேனே. நீங்கதான தந்தி."

பழைய ஊர்வலக் கட்டில் கொட்டகையில் சிமென்ட் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. இருவருமாக இழுத்து வந்து தள்ளிப் பார்த்தார்கள். கால்மாடு வெளியே நின்றது. கதவு இரண்டு பக்கமும் வந்து அதை முட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"படுத்துப் பாக்கறீங்களா?"

"வேணாம்." தந்தி கட்டிலைத் தொடவில்லை. "இப்ப இடிச்சா?"

"இப்பன்னா ரெண்டு மாசம் தள்ளிப் போகும். திறந்தப்புறம் இடிக்கவே முடியாது. சுத்தி அறுவை அறை இருக்கு, தூசி போனா ஆளே காலி."

அன்று மாலை தந்தி மனைவியிடம் சொன்னார். மூன்று தடவை கத்திய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவள் குடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, இதைத் தூக்கிட்டு இருபத்தாறு படி, ஒரு நாளைக்கு எட்டு தடவை, பன்னிரண்டு வருஷம். உங்களுக்குத்தான் கணக்கு வருமே, போட்டுப் பாருங்க. நான் எத்தனை மலை ஏறியிருப்பேன்? அப்ப நீங்க யார்கிட்டயாவது போய்ச் சிவப்புன்னு சொன்னீங்களா?"

"நோயாளிங்கடீ..."

"நோயாளியைத் தூக்க நாலு பேர் இருப்பாங்க. என் குடத்தைத் தூக்க யார் இருந்தா?"

தந்தி குடத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

மறுநாள் கூட்டத்தில் வெல்வெட் சார் கொக்கி கொக்கியாகக் கேட்டு வந்தார். "லிஃப்ட்?"

ஃபிட்டர் தந்தியைப் பார்த்தார். தந்தி பலகையைப் பார்த்தார்.

"பச்சை, சார்," என்றார் தந்தி.

கட்டடம் குறித்த தேதியில், குறித்த மணிக்குத் திறந்தது. பெரிய மனிதர்கள் பதினோரு பேர் லிஃப்ட்டில் நின்றுகொண்டு மேலே போய்க் கீழே வந்தார்கள். ஆட்டமே இல்லை என்று பாராட்டினார்கள். அந்த வாரமே தந்திக்கு வீட்டுச் சாவி கிடைத்தது. மனைவி மூன்று குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவ்வளவு நிசப்தம். ஆனால் பழக்கம் விடவில்லை. உப்பு எடுக்கச் சொன்னால்கூடக் கத்தினார்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு முறை புகார் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே கட்டில் லிஃப்ட் வாசலில் மாட்டிக்கொண்டது. அறுவை அறை மூன்றாம் மாடியில். வெல்வெட் சார் அழகான எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'படி ஏறுவது உடலுக்கு நல்லது.' அதற்குப் பிறகு இரண்டு வருஷம், நிற்க முடியாதவர்கள் எல்லாரையும் நான்கு ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப்போனார்கள். ஒரு பெண் இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே பிள்ளை பெற்றாள். ஒரு பெரியவர் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுவை தேவைப்படவில்லை; வேறு எதுவுமே தேவைப்படவில்லை. இதெல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை. அந்த வேலைக்குத்தான் எப்போதோ பச்சை விழுந்துவிட்டதே.

மூன்றாவது கட்டடமும் வெல்வெட் சார் பொறுப்பில் ஆரம்பமாயிற்று. நர்சுகள் தங்கும் விடுதி. தந்தி இப்போது அவ்வளவாக நடப்பதில்லை. பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னப்பா, பச்சைதானே?" என்று கேட்பார். "பச்சைதாண்ணே" என்று பதில் வரும். மாட்டுவார்.

ஒருநாள் காலையில் இரண்டாம் மாடிப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்குப் பச்சை மாட்டினார். பதினொரு மணிக்குத் தலைமை அலுவலக ஆள் ஒருவருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது, அதே கம்பியில் சாய்ந்து நின்று பெருமை பேசினார். கம்பியைப் பொருத்தியிருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. திருகாணிதான் இன்னும் வந்து சேரவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில், லிஃப்ட் வாசலில் கிடந்தார். கால்மாடு வெளியே நின்றது. கதவு வந்து முட்டிவிட்டுத் திரும்பியது.

"தூக்குங்கப்பா," என்றாள் நர்ஸ்.

நான்கு ஆட்கள் அவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிப் படியேறினார்கள். மனைவி பின்னாலேயே வந்தாள். "யப்பா, என்ன நீளம்! இது ஆளா, பனைமரமா?" என்றார் முன்னால் பிடித்தவர். அவருக்கு இடுப்பில் பட்டை போட்டிருந்தது. "இந்த லிஃப்ட்டுக்குச் சரின்னு சொன்னவன் மட்டும் ஒரு நாள் என் கையில கிடைக்கட்டும்."

லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட வந்திருந்த பழைய ஃபிட்டர் மாடித் திருப்பத்தில் நின்றிருந்தார். "கிடைச்சுட்டாரே," என்றார். "அவரைத்தான தூக்கிட்டுப் போற."

நால்வரும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்ட்ரெச்சரைத் தரையில் இறக்கினார்கள். மெதுவாகத்தான் இறக்கினார்கள், ஆனால் அவ்வளவு மெதுவாக இல்லை.

"கொஞ்சம் இளைப்பாறிக்கறோம்ணே," என்றார் பட்டை போட்டவர். "ரெண்டு வருஷமா இளைப்பாறவே இல்ல."

"தம்பி, வலிக்குதுப்பா. தூக்குங்கப்பா."

"தலை முன்னால போகணுமா, கால் முன்னால போகணுமான்னு பேசி முடிவு பண்ணிட்டுத் தூக்கறோம்ணே. அவசரப்பட்டா தப்பாயிடும்." பேசினார்கள். முன்பக்கம் ஒரு கருத்து, பின்பக்கம் ஒரு கருத்து. தந்தியின் மனைவி ஒரு பக்கத்தைத் தானே தூக்கப் போய், முடியாமல், படியில் உட்கார்ந்தாள். மூன்றாம் மாடி போய்ச் சேர்வதற்குள் அறுவைக்கான டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டிருந்தார். மறுநாள்தான் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள்.

ஆறு வாரம் கழித்து வெல்வெட் சார் பழக்கூடையோடு பார்க்க வந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "எலும்பு இன்னும் கூடல. இன்னும் மூணு மாசம் கால் தரையில படவே கூடாது. ஊன்றினா கோணிக்கும்."

"மூணு என்ன, ஆறு மாசம்கூட எடுத்துக்கோங்க," என்றார் வெல்வெட் சார், தந்தியின் கையைத் தடவியபடி. "நாம எல்லாரும் ஒரே குடும்பம். அந்த வீடு மட்டும், பாருங்க, பணியில இருக்கறவங்களுக்குத்தான்னு ஒரு விதி. பட்டியல்ல அடுத்தவர், பாவம், தினமும் வந்து நிக்கறாரு. அவர் வீட்டுலயும் மாடியில தண்ணி இல்லையாம். திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அது போகட்டும். நீங்க எப்படி இருக்கீங்க?"

தந்தி மனைவியைப் பார்த்தார். சாவி அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. விரல்கள் வெளுக்கும் வரைக்கும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பச்சை, சார்!" என்றார் தந்தி. தகரப் பட்டறைக் குரலில் சொன்னார். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெல்வெட் சார் எழுந்து நின்றுவிட்டார். "எல்லாரும் இவர் தைரியத்துக்கு மூணு தடவை..." என்றார். கட்டுப் போட்டவர்கள் கட்டோடு தட்டினார்கள்.

திங்கட்கிழமை காலையில் தந்தி வேலைக்குப் போகக் கைத்தடியை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, லிஃப்ட்டில் கீழே இறங்கினார். நிற்கிறவர்களுக்கு அந்த லிஃப்ட்டில் ஒரு குறையும் கிடையாது. ஆட்டமே இல்லை.

கால் கோணியபடியே கூடிற்று. அது நாலு விரல்கடை குறைந்தது என்று சொன்னால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் டாக்டர் அளந்தது மூன்றுதான். வீடு நிலைத்துவிட்டது. மனைவி காலையில் மூன்றாவது குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டே, அவர் தெருவில் ஒரு காலை வைத்து ஒரு காலை இழுத்துப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

"வலிக்குதாங்க?" என்று அங்கிருந்தே கத்துவாள்.

அவர் திரும்பாமலேயே பதில் சொல்லிவிட்டுப் போவார். அதே ஒரு சொல்தான்.